272 படி ஏற ஒரு காலுக்கு என்ன வேண்டும்?



ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் அன்றைக்கு அசுவினி தேவர்கள் பாடம். தேவலோகத்து இரட்டை மருத்துவர்கள். ரிக் வேதத்தின் முதல் மண்டலத்தில் அவர்களைப் புகழும் ஒரு பாடலில், போட்டியில் கால் துண்டான விஷ்பலாவுக்கு அவர்கள் இரும்புக் கால் கொடுத்து மறுபடி ஓட வைத்தார்கள் என்று வருகிறது. நான் சொல்லி முடிக்கக்கூட இல்லை, பின்வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கிவிட்டான்.

"அப்போ அது ரோபோட் காலாக்கா?"

வகுப்பே சிரித்தது. சிரிக்காமல் உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு பிள்ளை. படிவம் ஒன்று படிப்பவள். எல்லாரும் மைலோ குடிக்கப் போன பிறகு என்னிடம் வந்தாள். "எங்க தாத்தாவுக்கு இனிப்புநீரால ஒரு கால எடுத்துட்டாங்கக்கா. ரோபோட் கால் போட்டா பத்துமலை ஏறலாமா? முந்தி வருஷா வருஷம் ஏறுவாரு."

நான் படித்தது உயிர்மருத்துவப் பொறியியல்தான். ஆனாலும் அந்த நிமிடத்தில் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல வாய் வரவில்லை. "பாத்துட்டுச் சொல்றேன்மா" என்று அனுப்பிவிட்டேன். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இந்த மாதப் பாடமாக எழுதுகிறேன்.

அந்தப் பையனுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பாடலில் இருப்பது ஒரு வரிதான். கால் எப்படிச் செய்யப்பட்டது, எப்படிப் பொருத்தப்பட்டது என்று அதில் ஒன்றும் இல்லை. விஷ்பலா என்பது ஒரு பெண்ணா, பந்தயக் குதிரையா என்பதிலேயே அறிஞர்களுக்குள் வழக்கு இருக்கிறது. "அன்றே நம்மிடம் ரோபோட் இருந்தது" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிப் பள்ளியில் போய்ச் சொல்லாதீர்கள், மானம் போகும். ஆனால் அந்த வரியில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கால் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதை அது சொல்கிறது. பரிசு காத்திருக்கும் களத்தில் ஓடுவதற்கு. ஒரு பொறியாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: இந்தக் காலை வைத்துக்கொண்டு நீங்கள் எங்கே போகப் போகிறீர்கள்?

முட்டி இருக்கா, இல்லையா?

கால் போய்விட்டது என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. முட்டிக்குக் கீழே எடுத்தார்களா, மேலே எடுத்தார்களா என்பதுதான் பாதிக் கதை. கீழே என்றால் சொந்த முட்டி மிச்சம். மடக்கலாம், நீட்டலாம், தொடைத் தசையின் முழு பலமும் கையில் இருக்கிறது. மேலே என்றால் முட்டியையே ஓர் இயந்திரமாகச் செய்து கொடுக்க வேண்டும்.

படி ஏறுவதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வலது காலை மேல் படியில் வைக்கிறீர்கள். முட்டி மடங்கியிருக்கிறது. பிறகு அந்த முட்டி நிமிர்கிறது. நிமிரும்போது உங்கள் முழு உடம்பையும் ஒரு படி உயரத்துக்குத் தூக்குகிறது. இப்போது எஸ்.பி.எம். இயற்பியலை எடுங்கள். தாத்தாவின் எடை 70 கிலோ, ஒரு படியின் உயரம் 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வேலை என்பது நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் வருவது. 70 × 9.8 × 0.15. ஏறக்குறைய 103 ஜூல். (இதில் இடுப்பும் ஒரு பங்கு வேலை செய்கிறது. கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் முட்டியின் தலையில் போடுகிறேன்.)

பத்துமலைக்கு 272 படிகள். கால் மாற்றிக் கால் வைத்து ஏறினால் செயற்கைக் காலின் பங்கு 136 படி. 136 × 103, சுமார் 14,000 ஜூல். இது பெரிய தொகையா? உங்கள் கைப்பேசி பேட்டரியில் 15 வாட்-மணி சக்தி இருக்கிறது என்று வையுங்கள். அதை ஜூலுக்கு மாற்றினால் 54,000. கைப்பேசியில் இருக்கும் சக்தியைக் கொண்டே பத்துமலையை மூன்று தடவைக்கு மேல் ஏறிவிடலாம் போலிருக்கிறதே!

முடியாது. ஏன்? ஒரு படியில் முட்டி நிமிர எடுக்கும் நேரம் அரை விநாடி. அந்த அரை விநாடிக்குள் 103 ஜூலைக் கொட்டித் தீர்க்க வேண்டும். 103ஐ 0.5ஆல் வகுத்தால் 200 வாட்டுக்கு மேல். வீட்டில் சுற்றும் மூன்று சீலிங் ஃபேன் எடுக்கும் மின்சாரம் அது. அவ்வளவையும் ஒரே நொடியில் உறிஞ்சி, சத்தம் போடாமல், சூடேறாமல், தொடைக்குக் கீழே தொங்கும் அளவுக்கு எடை குறைவாக ஒரு மோட்டார் வேண்டும். செயற்கைக் கால் செய்பவர்களுக்குத் தலைவலியே இதுதான். சக்தி கிடைக்கிறது. அதை வேகமாக வெளியே தரும் தசைதான் கிடைக்கவில்லை. நம் தொடைத் தசை ஒரு நாளைக்கு எத்தனையோ முறை இதைச் செய்துவிட்டுச் சும்மா இருக்கிறது.

மூளை உள்ள முட்டி, பலம் உள்ள முட்டி

1997இல் ஜெர்மனியின் ஓட்டோபாக் நிறுவனம் 'சி-லெக்' என்ற முட்டியை வெளியிட்டது. உள்ளே ஒரு நுண்செயலி. முட்டி எந்தக் கோணத்தில் இருக்கிறது, காலில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று சென்சார்கள் ஒரு விநாடிக்கு 50 தடவை அளந்து சொல்லும். அதைப் பார்த்து உள்ளே இருக்கும் ஹைட்ராலிக் எண்ணெயின் வால்வு திறக்கும், மூடும். கால் வீசி நடக்கும்போது முட்டி தளர்ந்து கொடுக்கும். பாரம் விழும்போது இறுகும். தடுக்கினால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். பழைய முட்டிகளைப் போட்டவர்கள் ஒவ்வொரு அடியிலும் "மடங்கிடுமோ" என்று தரையைப் பார்த்தே நடப்பார்கள். அந்தப் பயத்தைக் குறைத்தது இந்த வகை முட்டி.

ஆனால் கவனியுங்கள், இதில் உங்களைத் தூக்கிவிடும் மோட்டார் கிடையாது. பேட்டரி ஓடுவது கணிப்பதற்கும் வால்வுக்கும் மட்டும்தான். மோட்டார் சைக்கிளில் எஞ்சினைக் கழற்றிவிட்டு அருமையான பிரேக்கை மட்டும் வைத்த மாதிரி. படி இறங்க பிரேக் போதும், அதனால் இதைப் போட்டவர்கள் கால் மாற்றிக் கால் வைத்து அழகாக இறங்குவார்கள். ஏற எஞ்சின் வேண்டும். அதற்கு அவர்கள் செய்வது, நல்ல காலை மேலே வைத்து, உடம்பைத் தூக்கி, செயற்கைக் காலைப் பின்னால் அதே படிக்கு இழுத்துக்கொள்வது. பிசியோதெரபியில் சொல்லித்தரும் விதி இது: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக் கால் முதலில்.

இப்படி ஏறினால் பத்துமலையின் 272 படிகளையும் தூக்குவது ஒரே கால்தான். 28,000 ஜூல் மொத்தமும் அதன் தலையில். இளைஞருக்குப் பரவாயில்லை. இனிப்புநீரால் ஒரு காலை இழந்தவருக்கு மற்றக் காலும் பெரும்பாலும் அதே நோயில்தான் இருக்கும். இந்த இடத்தை மறந்துவிடாதீர்கள், பிறகு வருகிறேன்.

எஞ்சின் வைத்த கால் செய்ய முடியாதா? செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கல் கோல்ட்ஃபார்ப் குழுவினர் முட்டியிலும் கணுக்காலிலும் மோட்டார் உள்ள காலை உருவாக்கினார்கள். மோட்டார் சைக்கிள் விபத்தில் வலது காலை இழந்த ஸாக் வாட்டர் என்பவர், 2012 நவம்பரில் அந்தக் காலைப் போட்டுக்கொண்டு சிகாகோவின் வில்லிஸ் கோபுரத்தில் 103 மாடி ஏறினார். ஏறக்குறைய 2,100 படிகள். பத்துமலையை ஏழெட்டுத் தடவை ஏறியதற்குச் சமம்.

அதைவிடப் பெரிய அதிசயம், அந்தக் கால் அவர் நினைப்பதைக் கேட்டது. காலை எடுக்கும்போது தசை போகிறது, ஆனால் தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பு அறுந்த நுனியோடு உள்ளேயே இருக்கிறது. முதலாளி இல்லாத ஆபீசுக்குக் கடிதம் வந்துகொண்டே இருக்கிற மாதிரி மூளை கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கும். சிகாகோவில் டோட் குய்கன் என்ற மருத்துவரும் அவர் குழுவும் உருவாக்கிய முறையில் அந்த நரம்பு நுனிகளைத் தொடையில் மிச்சமிருக்கும் தசைகளுக்குத் திருப்பிவிட்டார்கள். இப்போது "பாதத்தை மேலே தூக்கு" என்று மூளை சொன்னால் தொடைத் தசையில் ஓர் ஓரம் துடிக்கும். தோல்மேல் ஒட்டிய மின்வாய்கள் அந்தத் துடிப்பைப் படித்து மோட்டாருக்குச் சொல்லும்.

2013இல் மருத்துவ ஆய்விதழில் வந்த அவர்களுடைய அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. காலின் சென்சார்களை மட்டும் நம்பியபோது, நடப்பவரின் எண்ணத்தைக் கால் 12.9 விழுக்காடு தவறாகப் புரிந்துகொண்டது. தசைத் துடிப்பையும் சேர்த்துப் படித்தபோது தவறு 1.8 விழுக்காட்டுக்கு இறங்கியது. செயற்கைக் கை தவறாகப் புரிந்துகொண்டால் கோப்பை விழும். கால் தவறாகப் புரிந்துகொண்டால் படியில் ஆளே விழுவார். அதனால்தான் காலில் நூற்றுக்கு இரண்டு தவறு என்பதும் அவர்களுக்குப் பெரிய கவலை.

கோபுரம் ஏறிய பிறகு வாட்டர் அந்தக் காலை வீட்டுக்குக் கொண்டுபோனாரா? இல்லை. அது ஆய்வுக்கூடத்துக் கால். அவர் தன் பழைய காலோடுதான் ஊர் திரும்பினார். இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது. யூடியூபில் நாம் பார்க்கும் ரோபோட் கால்களில் பாதிக்கு மேல் இப்படித்தான், வீடியோ முடிந்ததும் அலமாரிக்குப் போய்விடும்.

ஹியூ ஹெர் கதையையும் சொல்லியாக வேண்டும். 1982இல் 17 வயதில் மலையேறப் போய், பனிப்புயலில் மாட்டி, இரண்டு கால்களையும் முட்டிக்குக் கீழே இழந்தவர். அவரைத் தேடிப்போன தொண்டர் ஒருவர் பனிச்சரிவில் இறந்துபோனார். ஹெர் பிறகு எம்.ஐ.டி.யில் பேராசிரியரானார். மோட்டார் கணுக்காலை உருவாக்கி அதைத் தானே போட்டுக்கொண்டு நடக்கிறார். சமதரையில் நடக்கும்போது நம்மை முன்னே தள்ளுவது கெண்டைக்கால் தசைதான். சாதாரணச் செயற்கைப் பாதம் நல்ல ஸ்பிரிங், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும், அதற்கு மேல் சல்லிக்காசு தராது. அவருடைய கணுக்கால் கூடுதலாகத் தள்ளிவிடும். 2024இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், அறுவை செய்யும்போதே எதிரெதிர்த் தசைகளை மறுபடி ஜோடி சேர்த்துக் கட்டிய 7 பேரையும், வழக்கமான முறையில் கால் எடுக்கப்பட்ட 7 பேரையும் ஒப்பிட்டார்கள். ஜோடி கட்டியவர்களின் அதிகபட்ச நடைவேகம் 41 விழுக்காடு கூடியிருந்தது. ஒரு தசை சுருங்கும்போது எதிர்த்தசை நீளும். அந்த இழுவையிலிருந்துதான், கண்ணை மூடினாலும் கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குத் தெரிகிறது. அந்த உணர்வு திரும்பியதுதான் வேகத்துக்குக் காரணம்.

தாத்தாவைப் பார்க்கப் போனேன்

இத்தனையும் மனசில் போட்டுக்கொண்டுதான் அவர்கள் பிளாட்டுக்குப் போனேன். முதல் மாடி வீடு. லாரி ஓட்டியவர். ஹாலில் சோபாவில் உட்கார்ந்திருந்தார். "வாங்க டீச்சர்" என்றார். என் கண் முதலில் தேடியது முட்டியை. இருந்தது! முட்டிக்குக் கீழே ஒரு சாண் விட்டுத்தான் எடுத்திருந்தார்கள். செயற்கைக் கால் சுவரில் சாய்ந்து நின்றது, ஷூ மாட்டிய மேனிக்கு.

பாட்டி அக்கறையாக அந்த முட்டிக்கு அடியில் ஒரு தலையணை வைத்திருந்தார். "வலி தெரியாம இருக்கட்டும்னுதாம்மா." நான் மெதுவாக அதை எடுத்தேன். எல்லா வீட்டிலும் அன்பால் நடக்கும் தவறு இது. முட்டி மடங்கியே பல நாள் இருந்தால், பின்பக்கத் தசைநார் சுருங்கி, பிறகு நேராக நீட்டவே வராது. நீட்ட வராத முட்டியில் உலகத்திலேயே விலை உயர்ந்த காலை மாட்டினாலும் நடக்க முடியாது. தலையணையைத் தூக்கிப்போட்டு முட்டியை நேராக நீட்டி வைக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில் யாருக்காவது கால் எடுத்திருந்தால் இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

"கால் போட்டு நடக்கிறீங்களா தாத்தா?" என்று கேட்டேன். "எங்கம்மா, லொட லொடன்னு ஆடுது" என்றார். சாக்கெட் பெரிதாகிவிட்டது. சாக்கெட் என்பது மிச்சமுள்ள காலைச் செருகும் கிண்ணம். பிளாஸ்டர் வைத்து அச்செடுத்து, எலும்பு துருத்தும் இடத்தில் இடம் விட்டு, பாரம் தாங்கும் இடத்தில் அழுத்தம் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் தனியாகச் செய்ய வேண்டியது. கடையில் சைஸ் பார்த்து வாங்குகிற சாமான் அல்ல. அறுவைக்குப் பிறகு முதல் சில மாதங்களில் வீக்கம் வற்றி அந்தக் கால் சிறுத்துக்கொண்டே வரும். அதனால் முதல் சாக்கெட் லொடலொடப்பது குற்றமில்லை, எதிர்பார்க்க வேண்டியது. முதலில் காலுறைகளைக் கூட்டிப் போட்டுச் சமாளிப்பார்கள், அதற்கும் அடங்காவிட்டால் புது சாக்கெட். இது தெரியாமல் எத்தனையோ பேர் "நமக்கு ஒத்துவரல" என்று காலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள்.

நம் ஊர் வெயிலும் இதில் ஒரு வில்லன். சிலிகோன் உறைக்குள் வியர்த்து வழுக்கும், தோல் வெந்து புண்ணாகும். சாக்கெட்டைக் காலோடு பிடித்து வைக்க மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காந்தத்தை வைத்துக்கூட ஒரு முறையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மோட்டார் காலைவிட இந்த மாதிரி வேலைகளில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். கிண்ணம் சரியில்லை என்றால் மோட்டார் தள்ளுகிற தள்ளலும் தோலைத்தான் கிழிக்கும்.

பேத்தியின் கேள்வியை அவரிடமே கேட்டேன். பத்துமலை ஏறணுமா தாத்தா?

சிரித்தார். "பத்துமலைய அப்புறம் பாக்கலாம்மா. நம்ம கோயில்ல கொடிமரம் தாண்டி உள்ள போகணும். அதுக்கு ஒரு வழி சொல்லு."

ஒரு சென்டிமீட்டர்

எனக்கு அப்போதுதான் அவர் முகம் பிடிபட்டது. போன திருவிழாவில் செருப்பு விடும் இடத்தில் நம் பிள்ளைகளோடு நின்றது நான்தான். நீளக் கால்சட்டை போட்ட ஒருவர் ஷூவோடு வாசல்வரை வந்தார். "ஐயா, செருப்ப கழட்டிட்டு உள்ள வாங்க" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். நானும் அடுத்தவர் செருப்புக்கு டோக்கன் கொடுக்கப் போய்விட்டேன். படித்தது உயிர்மருத்துவப் பொறியியல்!

ஏன் கழற்றவில்லை? செயற்கைப் பாதம் ஷூவோடு நடப்பதற்காக அளவெடுத்துப் பொருத்தப்படுகிறது. ஷூவின் குதிகால் முன்பக்கத்தைவிட ஒரு சென்டிமீட்டர் உயரமாக இருக்கிறது என்று வையுங்கள். அந்த உயரத்தில்தான் கால் நேராக நிற்கும். நம் சொந்தக் கணுக்கால் ஷூவைக் கழற்றினால் தானே சரிபண்ணிக்கொள்ளும். செயற்கைக் கணுக்கால் மடங்காது. ஷூவைக் கழற்றினால் குதிகால் ஒரு சென்டிமீட்டர் கீழே போய், மொத்தக் காலும் பின்பக்கம் சாய்ந்து, முட்டியைப் பின்னால் தள்ளும். சமதரையிலேயே மேட்டில் ஏறுகிற மாதிரி இருக்கும். ஆள் பின்னால் விழவும் விழலாம். அவர் கழற்ற மறுக்கவில்லை, அவரால் கழற்ற முடியவில்லை.

ஷூவோடு பிறந்து ஷூவோடு வாழும் நாட்டில் வடிவமைத்த பாதத்துக்கு இது ஒரு குறையே இல்லை. நமக்குத்தான் குறை. இதை முதலில் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் இந்தியாவில் ஜெய்ப்பூரில் இருந்தார்கள். எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் 1968இல் ரப்பரில் செய்த 'ஜெய்ப்பூர் கால்' வெறுங்காலோடு நடக்க, குந்த, சம்மணம் போட, வயல் சேற்றில் இறங்கச் செய்யப்பட்டது. மோட்டார் இல்லை, சென்சார் இல்லை. பரதக் கலைஞர் சுதா சந்திரனை டிவி தொடர்களில் பார்த்திருப்பீர்கள். 1981இல் தமிழ்நாட்டில் நடந்த பஸ் விபத்துக்குப் பிறகு காலை இழந்த அவர், அந்தக் காலைக் கட்டிக்கொண்டுதான் மறுபடி மேடை ஏறி ஆடினார். வெறுங்காலால் தரையைத் தட்டி ஆட வேண்டிய ஆட்டம் அது. அவர் கதையே 1985இல் 'மயூரி' என்று தெலுங்கில் படமானது, நடித்ததும் அவரேதான்.

தாத்தாவுக்கு ஜெய்ப்பூர் போக வேண்டிய அவசியம் இல்லை. குதிகால் உயரத்தை ஒரு பட்டனை அழுத்தி மாற்றிக்கொள்ளும் பாதங்கள் இப்போது உண்டு, விலைதான் கூட. அதைவிடச் சுலபமானது, ஷூவைக் கழற்றியதும் குதிகாலுக்கு அடியில் ஆப்பு மாதிரி சீவிய ஒரு துண்டை வைத்து, மேலே காலுறை போட்டுவிடுவது. செயற்கைக் கால் செய்துகொடுப்பவரே அளந்து வெட்டிக் கொடுத்தார். ஒரு சென்டிமீட்டர் உயரம். அவ்வளவுதான் தாத்தாவுக்கும் கொடிமரத்துக்கும் நடுவில் நின்றது.

இன்னொரு காலைப் பிறகு பேசுகிறேன் என்று சொன்னேன் அல்லவா? நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இனிப்புநீர் இருப்பதாக 2023இன் தேசியச் சுகாதார ஆய்வு காட்டியது. இனங்களில் இந்தியர்களிடம்தான் அதிகம். இந்த நோய் பாதத்தின் நரம்பைக் கொன்றுவிடும். கல் குத்தினாலும் தெரியாது, மத்தியானத் தரை சுட்டாலும் தெரியாது. கொப்புளம் புண்ணாகி, புண்ணில் கிருமி ஏறி, ரத்த ஓட்டமும் குறைவென்றால் ஆறாது. தாத்தாவின் முதல் கால் போனதும் இப்படித்தான், பால்குடம் எடுத்த மறுநாள் பார்த்த ஒரு கொப்புளத்தில் ஆரம்பித்தது. அதனால் அவருடைய நல்ல கால் வெறுங்காலாக நடக்கவே கூடாது. கெட்டியான காலுறையாவது வேண்டும், இரவில் பேத்தி டார்ச் அடித்துப் பாதத்தின் அடியைப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டு போய்க் கோயில் நிர்வாகத்திடம் பேசினோம். சுத்தமான காலுறையோடு உள்ளே வரலாம் என்றார்கள், முகம் சுளிக்கவே இல்லை. வாசலில் உட்கார்ந்து ஷூ மாற்ற ஒரு நாற்காலி போட்டார்கள். கால் கழுவும் குழாய்ப் பக்கம் தரை எப்போதும் ஈரம், வழுக்கும். கால் போட்டவர்களுக்கு அதைவிட ஆபத்தான இடம் கோயிலில் இல்லை. அவர்களை இந்தப் பக்கமாகக் கூட்டிப் போவது இனி நம் பிள்ளைகள் பொறுப்பு. உங்கள் கிளைக்குப் பக்கத்துக் கோயிலிலும் கேட்டுப் பாருங்கள்.

யாரைப் பார்ப்பது?

வேலை செய்து பெர்கேசோ சந்தா கட்டியவர்கள் முதலில் அங்கே கேளுங்கள். வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம் 2007இல் இருந்தே இருக்கிறது, மலாக்காவில் அவர்களுக்கென்று மறுவாழ்வு மையமும் உண்டு. சந்தா இல்லாதவர்களுக்கு சமூக நல இலாகா. அரசாங்க மருத்துவமனையில் மருத்துவ சமூகப் பணிப் பிரிவு என்று ஓர் அறை இருக்கும். கால் வாங்க வழி கேட்டு அங்கே போகலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. பாரங்களைப் பூர்த்தி செய்ய மலாய் வேகமாக எழுதும் ஓர் இளைஞர் கூடப் போனால் அதுவே பாதி உதவி. நுண்செயலி முட்டி பல பத்தாயிரம் ரிங்கிட். யாராவது வாங்கித் தருகிறோம் என்றாலும், முட்டி இருப்பவருக்கு அது தேவையே இல்லை என்று சொல்லத் தெரிந்துகொள்ளுங்கள்.

படிவம் நான்கில் அறிவியல் பிரிவு எடுக்க யோசிப்பவர்களுக்கு: மலாயாப் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவப் பொறியியல் இருக்கிறது, செயற்கை அவயவங்களுக்கென்றே தனிப் பட்டப்படிப்பும் இருக்கிறது. இயற்பியலும் கூடுதல் கணிதமும் வேண்டும். பிளாஸ்டர் பிசைய வெட்கப்படாத கையும் வேண்டும். ரோபோட் செய்யலாம் என்று வந்து, முதல் வருஷம் பூராவும் சாக்கெட் தேய்த்துக்கொண்டிருந்தவள் நான்.

தாத்தாவுக்குப் புது சாக்கெட் வந்துவிட்டது. அவருடைய முட்டி அவருடையதே என்பதால் மோட்டார் இல்லாமலேயே கால் மாற்றிக் கால் வைத்து ஏறப் பழகலாம் என்று பிசியோ சொல்லியிருக்கிறார். பிளாட்டின் தரைத்தளத்திலிருந்து வீட்டு வாசல்வரை 18 படி. சாயங்காலம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்குகிறார், பேத்தி நோட்டில் குறித்துக்கொள்கிறாள். இருதயத்தையும் மற்றப் பாதத்தையும் டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் 272ஐப் பற்றிப் பேச்சு. போன வெள்ளிக்கிழமை கொடிமரம் தாண்டி உள்ளே போய் வந்துவிட்டார். இப்போது அவருக்கு ஒரே குறை, பாதத்தின் நிறம். "வெள்ளக்காரன் காலு மாதிரி இருக்கு டீச்சர், நம்ம கலர்ல ஒண்ணு கிடைக்காதா?" அதற்குத்தான் அலைந்துகொண்டிருக்கிறோம்.